ரத்தினசாமியின் தொண்ணூறு நிமிடக் குழம்பு

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ரத்தினசாமி ஒரு சபதம் செய்தார். செய்தவர் அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷன் இன்றைக்கும் நிம்மதியாக இருந்திருப்பார்.

"நாளைக்குச் சமையல் நானு. முழுச் சமையல். களி, நாட்டுக்கோழிக் குழம்பு, சோறு, ரசம். பதினோரு மணிக்கு அடுப்பப் பத்த வச்சா பன்னெண்டரைக்கு இலை போட்டுருவேன். தொண்ணூறே நிமிசம்!"

அவர் மனைவி மாதேஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"ஆரு திங்கறதுக்குங்க?" என்றாள்.

ரத்தினசாமியின் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வீறாப்பு உங்களுக்குப் புரியாது. மைசூர் ஹெப்பாளில் மிஷின் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவர் 'டைம் ஸ்டடி' பார்ப்பவர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, காதில் பென்சில். வேலை செய்கிறவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். அவன் ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை விநாடி, மூக்கைச் சொறிய எத்தனை விநாடி, எல்லாம் எழுதிவிடுவார். ஃபிட்டர் கெம்பையன் இவர் நிழலைப் பார்த்தாலே ஸ்பேனரைக் கீழே போட்டுவிடுவான். இருபது வருஷ சர்வீஸில் ரத்தினசாமி ஒரு போல்ட்டையும் முடுக்கியதில்லை. அது வேறு விஷயம்.

ஷெட் வாசலில் பெயின்டரைக் கொண்டு அவரே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு. 'ஒரு வேலையை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ, அந்த வேலை அவருக்கே.' கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தரம் நின்று படித்துவிட்டுத்தான் போவார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டாப்வாட்ச் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தது. மாதேஸ்வரிக்குத் தெரியாமல், காபி குடிக்கிற சாக்கில் உட்கார்ந்து, அவள் சமைப்பதை அளந்துவிட்டார். ஒரு வாரம் ராப்பகலாக யோசித்துப் பெரிய சார்ட் போட்டார். அதைத்தான் இப்போது விரித்துக் காட்டினார்.

"பாரு புள்ள. மொத்தம் மூணு மணி பத்து நிமிசம். அதுல நெசமான வேலை அம்பத்தெட்டு நிமிசம். மிச்சம் பூராவும் வேஸ்ட்டு."

"வேஸ்ட்டுங்களா?"

"பின்னே? செவுத்துக்கு மேல பக்கத்து வீட்டு லிங்கம்மாகூடப் பேசுனது இருவத்தோரு நிமிசம். மூடியத் தேடுனது ஒம்பது நிமிசம்."

"அந்த மூடிய நீங்கதானுங்க வச்சு விசிறிட்டிருந்தீங்க."

"சும்மா நின்னது பதினாலு நிமிசம்."

"நானுங்களா? எப்பங்க சும்மா நின்னேன்?"

"குழம்புச் சட்டிக்கு முன்னால. கைல கரண்டியோட. ஆடல அசையல."

"அது குழம்பு பதத்துக்கு வருதான்னு பாக்கறதுங்க."

"பாக்கறதெல்லாம் வேலையில்ல புள்ள. முடுக்குனாத்தான் வேலை."

மாதேஸ்வரி கீரைத் தண்டை மடக்கென்று ஒடித்தாள். "சரீங்க. பந்தயம் என்னுங்க?" என்றாள்.

ரத்தினசாமிக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது உயிர். காலையில் தமிழ்ச் சங்கத்தில் கேரம் போர்டு. மத்தியானம் மூக்கு முட்டச் சாப்பாடு. அப்புறம் ஃபேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தால் நாலரை மணிக்கு முந்தி யாராலும் எழுப்ப முடியாது. அந்த நாளிலே அவ்வப்போது 'தேங்கா திருவித் தாங்க', 'சித்தெ இதைக் கிளறுங்க' என்று வருகிற குரல்தான் அவருக்கு இந்தப் பூமியிலே இருந்த ஒரே கஷ்டம்.

"நான் ஜெயிச்சா ஞாயித்துக்கிழமைல என்னைய எதுக்கும் கூப்பிடப்படாது. சாகற வரைக்கும்."

"தோத்தாங்க?"

"தோத்தா ஞாயித்துக்கிழமை அடுப்படி என்னுது. சாகற வரைக்கும்!" என்று மார்பில் தட்டிக்கொண்டார். "எங்க மேனேஜர் மஞ்சுநாத் சாரையே சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். அவர்தான் ஜட்ஜு."

மாதேஸ்வரி இப்போதுதான் தலையைத் தூக்கினாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பதினோரு மணிக்கு மேல நான் அடுப்படிப் பக்கமே வரமாட்டேனுங்க. லிங்கம்மா வீட்டு வாசப்படில உக்காந்து பூக் கட்டிட்டிருப்பேன்," என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது ரத்தினசாமிக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே கோழி வாங்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டார். மகள் லீவுக்குக் கொள்ளேகாலில் மாமன் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் மாதேஸ்வரி தனியாக இருந்தாள். கோழி பொறுக்குவதிலும் சாஸ்திரம் பார்த்தார் நம்மவர். நடையைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஒரு சேவலைப் பிடித்தார்.

"நல்ல அனுபவசாலிங்க இது," என்றான் கோழிக்காரன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

சேவலை வெட்டிச் சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கு வீடு வந்தால், வாசலிலேயே ஊதுபத்தி மணம் ஆளைத் தூக்கியது. கூடத்தில் நாலு, அடுப்படியில் ஆறு என்று கத்தை கத்தையாகப் புகைந்துகொண்டிருந்தது.

"என்ன புள்ள, இத்தன பத்தி?"

"உங்க சமையல் நல்லபடியா முடியோணும்னு சாமி கும்பிட்டேனுங்க."

அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. பாவம், நல்லவள், முறைதான் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

மணி பதினொன்று. சார்ட்டைச் சுவரில் ஒட்டினார். ஸ்டாப்வாட்சை அமுக்கினார். மாதேஸ்வரி வாசல்படி தாண்டும்போது, "கோழிக்குக் குக்கர் வேணுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"குக்கர் சோத்துக்கு. எல்லாம் சார்ட்டுல இருக்குது!"

போய்விட்டாள்.

சார்ட்டில் எல்லாமும்தான் இருந்தது. குழம்புக்கு ஒரு வரிசை, களிக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று. நாலும் பக்கத்துப் பக்கத்தில் அழகாக ஓடின. நாலு மிஷின், நாலு வேலை. அந்த நாலு மிஷினையும் ஓட்டப்போகிற ஆள் ஒரே ஆள் என்பதை மட்டும் போட மறந்திருந்தார்.

பதினொன்று ஐந்துக்குக் கோழி சட்டியில் விழுந்தது. பதினொன்று எட்டுக்கு மசாலாவை மிக்ஸியில் போட்டு மூடியை அமுக்கினார். 'விர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கரண்ட் போய்விட்டது.

"அடப் பாவிகளா!" என்றார். மின்சாரக்காரர்களுக்கு இந்தச் சார்ட்டின் நகல் ஒன்று கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அம்மியை இழுத்தார். தேங்காய், மிளகாய், கசகசா, தனியா. மிக்ஸிக்கு மூன்று நிமிஷம் போட்டிருந்த வேலை. அம்மியில் ஒரு இழுப்பு இழுத்தால் தேங்காய்த் துண்டு ஒன்று வலது பக்கம் ஓடும். அதைப் பிடிக்கப் போனால் இரண்டு இடது பக்கம் ஓடும். மிளகாய்க் கையோடு நெற்றி வியர்வையைத் துடைத்தார். வியர்வை போயிற்று. கண் போயிற்று. கண்ணைக் கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குத் தடவிக்கொண்டு போனபோது உள்ளே குக்கர் விசிலடித்தது. அது எத்தனையாவது விசில்? யார் எண்ணினார்கள்?

ஒற்றைக் கண்ணோடு திரும்பி வந்தால் குக்கரிலிருந்து கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அதைப் பற்றவைத்தார். பக்கத்து அடுப்பில் சேவல் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். பல்தான் ஆடிற்று. சேவல் அசையவில்லை. அரைமணி நேரத்தில் வேகும் என்று சார்ட்டில் போட்டிருந்தார். அது சார்ட்டில் இருந்த கோழி. சட்டியில் இருந்தது அனுபவசாலி.

"வெந்து தொலையேன், உன்னையக் கெஞ்சிக் கேக்கறேன்," என்றார் அதனிடம், நிஜமாகவே கைகூப்பி.

அரைத்ததும் அரையாததுமான மசாலாவை வழித்துச் சட்டியில் கொட்டினார். பதினொன்று நாற்பதுக்கு உப்பு. போட்டார். போட்டதற்குச் சார்ட்டில் டிக் அடிக்க வேண்டும், பென்சிலைக் காணோம். பென்சிலைத் தேடிவிட்டு வந்து, சார்ட்டில் டிக் இல்லாததைப் பார்த்து, மறுபடி உப்புப் போட்டார். பென்சில் அப்புறம் ரசத்தில் கிடைத்தது.

உப்புக் கரித்ததால் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் ஊற்றியதால் குழம்பு ஓடையாயிற்று. ஓடையைக் குழம்பாக்க ஏதாவது மாவு போட வேண்டும். கைக்கு எட்டியது களிக்கு வைத்திருந்த ராகி மாவு. ஒரு கை அள்ளிப் போட்டார். போதவில்லை என்று இன்னொரு கை. குழம்பு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு 'பொளக், பொளக்' என்று சேறு மாதிரி கொப்பளிக்க ஆரம்பித்தது. நிறம், வீடு கட்டுகிற சிமென்ட் நிறம்.

களிக்கு வைத்த உலையோ மாவு பாதி பறிபோனதால் எவ்வளவு கிண்டியும் கூழாகவே சுற்றிச் சுற்றி வந்தது. இந்தக் கையால் குழம்பைக் கிண்டினால் அந்தப் பக்கம் களி அடிப்பிடித்தது. அந்தக் கையால் களியைக் கிண்டினால் இந்தப் பக்கம் குழம்பு தீய்ந்தது. பன்னிரண்டு மணிக்கு ரத்தினசாமி நிமிர்ந்து பார்த்தபோது ஒரு சட்டியில் குழம்பு களியாகியிருந்தது. இன்னொரு சட்டியில் களி குழம்பாகியிருந்தது. குக்கரைத் திறந்தால் சோறு கேக் மாதிரி ஒரே வில்லையாக எழுந்து வந்தது.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சட்டிக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் நின்றார். எத்தனை நிமிஷம் நின்றார் என்று அவர் எழுதிக்கொள்ளவில்லை. இன்னும் அரை மணியில் மேனேஜர் வந்துவிடுவார். திங்கட்கிழமை கேன்டீனில் கெம்பையன் இந்தக் கதையை ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொல்லுவான். அதுகூடப் போகட்டும். கேரம் போர்டு! ஃபேன்! மல்லாந்த தூக்கம்! சாகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை இந்த அம்மிக்கு முன்னால்தானா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிளகாய்க் கண் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்ததால் இதற்கென்று தனியாக அழ வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் லிங்கம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

மெதுவாகப் பின்கதவைத் திறந்தார். லிங்கம்மா வீட்டு முன்வாசல் பக்கமிருந்து மாதேஸ்வரி தனியாக ஏதோ பாட்டு முனகுவது கேட்டது. நல்லவேளை, அங்கேதான் இருக்கிறாள்.

"லிங்கம்மா! லிங்கம்மா!" என்று குசுகுசுத்தார்.

"ஏனு ஸ்வாமி? ஐயய்யோ, மூஞ்சி யாக்கெ இப்படி ஆயித்து?"

"சத்தம் போடாதீங்க. உங்க வீட்டுல… கோழிக் குழம்பு ஏதாவது… இருக்குதுங்களா?"

லிங்கம்மா சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். தன் வீட்டுக் கருகல் நாற்றம் அங்கே வரைக்கும் போகிறதே என்று ரத்தினசாமி வெட்கப்பட்டார்.

"அல்லி நோடி," என்று விறகுக் குச்சியால் எட்டச் சுட்டிக் காட்டினாள். தோட்டத்துக் கடைசியில், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. "கூடைக்குக் கீழ இருக்கு. நீங்களே எடுத்துக்கோங்க."

சுவரேறிக் குதித்தார். நாற்பத்தாறு வயசு, இடுப்பில் துண்டு, அதெல்லாம் பார்க்கிற நேரமா? கூடையைத் தூக்கினால் ஒரு கரி படிந்த பித்தளைப் பாத்திரம். மூடியைத் திறந்தார். நாட்டுக்கோழிக் குழம்பு, மேலே எண்ணெய் பிரிந்து, கறிவேப்பிலை மிதந்து. ரத்தினசாமி அந்த இடத்திலேயே பாத்திரத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பதினேழு. தப்பித்தோம்!

"களியும் கெட்டுப்போச்சுங்க லிங்கம்மா…"

"முத்தேதானே? அது நம்ம வீட்டுல ஆயித்து." உள்ளே போய் உருட்டி வைத்த ராகிக் களி நாலை ஒரு தட்டில் வைத்துத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கிண்ணம் ரசமும் ஒரு சட்டிச் சோறும்கூடக் கொடுத்தாள். குழம்புப் பாத்திரம் பக்கத்தில் வந்தபோது மட்டும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"மாதேஸ்வரிக்குத் தெரியப்படாதுங்க."

"நான் யாக்கெ ஹேளலி ஸ்வாமி? வாயே திறக்கமாட்டேன்."

தன்னுடைய குழம்பைக் கொல்லையில் தெருநாய்க்கு வைத்துப் பார்த்தார். நாய் முகர்ந்தது, தும்மியது, போய் வாசலில் படுத்துக்கொண்டது. கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்தார். அந்தச் செடி அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

பன்னிரண்டரைக்கு இலை போட்டாகிவிட்டது. குழம்பைத் தன் சட்டிக்கு மாற்றிச் சுட வைத்து, முகத்தைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டாப்வாட்சோடு நின்றார். மஞ்சுநாத் வந்தார். மாதேஸ்வரியும் தலையில் மல்லிகையோடு வந்து உட்கார்ந்தாள். ரத்தினசாமியே பரிமாறினார்.

மஞ்சுநாத் களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்கினார். கண்ணை மூடினார். "ஏன்ரீ ரத்தினசாமி! பஹள சென்னாகிதே! எங்க அம்மா கை ருசி ரீ இது! நிஜமா நீங்களா செஞ்சீங்க?"

"ஏதோ… முறைப்படி செஞ்சா வந்துருதுங்க சார்."

மாதேஸ்வரி சூடாக, நிதானமாக, ஒவ்வொரு வாயாக ரசித்துச் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டாள். "கல்யாணம் ஆயிப் பதினாறு வருசமாச்சுங்க சார். ஞாயித்துக்கிழமைல இப்படி இலைக்கு முன்னால உக்காந்து ஆவி பறக்கச் சாப்பிட்டது இன்னிக்குத்தானுங்க," என்றாள். ரத்தினசாமிக்கு ஏனோ அந்தக் கணம் சட்டை இறுக்கியது.

"நான் தோத்துட்டேனுங்க," என்றாள் பிறகு. "சொன்ன சொல்லுப்படி இனிமே ஞாயித்துக்கிழமைல இவர ஒண்ணுக்கும் கூப்பிடமாட்டேன். ஆனா ஒரு சந்தேகமுங்க சார். எனக்கு இந்தச் சமையலுக்கு மூணு மணி பத்து நிமிசம். இவரே எழுதி வச்சிருக்காரு. இவருக்குத் தொண்ணூறு நிமிசம். உங்க ஷெட் வாசல்ல ஏதோ பலகை இருக்குதாமே, அதுல என்னுங்க போட்டிருக்குது?"

மஞ்சுநாத் எலும்பைக் கையில் பிடித்தபடி உரக்கச் சொன்னார். "யார் குறைந்த நேரத்துல முடிக்கிறாரோ… அந்த வேலை அவருக்கே!" சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "கரெக்ட் ரீ! ரத்தினசாமி, உங்க ரூல், நீங்களே மீறக்கூடாது. இனி சண்டே சமையல் உங்களோடது. அடுத்த சண்டே ஜி.எம். சாரையும் கூட்டிட்டு வர்றேன். இதே குழம்பு இருக்கணும்!"

ரத்தினசாமி வாயைத் திறந்தார். குழம்பு என்னுடையது இல்லை என்று சொன்னால் பந்தயம் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை அடுப்படி. சொல்லாவிட்டால் பலகை. ஞாயிற்றுக்கிழமை அடுப்படி. வாயை மூடிக்கொண்டார்.

மேனேஜர் போனதும் மூலையில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒரு வெளிச்சம் வந்தது. அட, இதில் என்ன கஷ்டம்? லிங்கம்மா இருக்கிறாளே! வாராவாரம் பன்னிரண்டு மணிக்குச் சுவரேறினால் கூடைக்கு அடியில் குழம்பு. அதுவரைக்கும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே தூங்கலாம். ஃபேன்தான் இல்லை. பரவாயில்லை, மூடியை வைத்து விசிறிக்கொள்ளலாம்.

உற்சாகமாக எழுந்தார். லிங்கம்மாவின் பாத்திரத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரத்துக்கும் சொல்லிவைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ப் புளி போட்டுத் தேய்த்தார். கரி போகப் போகப் பித்தளை மின்னியது. விளிம்புக்குக் கீழே ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் வெட்டுவார்களே, அந்த மாதிரி. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

'ரத்தினசாமி – மாதேஸ்வரி.'

பாத்திரம் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து 'ணங்' என்றது.

"நெளிச்சுப் போடாதீங்க, எங்கப்பன் குடுத்தது," என்றபடி மாதேஸ்வரி பின்கதவில் சாய்ந்து நின்றாள். அவள் கையில் ஸ்டாப்வாட்ச். "எட்டு வருசமாப் பக்கத்து வீட்டுல இருக்கறீங்க. லிங்கம்மா வீட்டுல முட்டைகூட வாங்க மாட்டாங்கன்னு தெரியாதுங்களா? கூடையத் தொட மாட்டேன்னு சொல்லித்தான் அதைத் தோட்டத்துல வைக்க அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப… காலைல… அந்த ஊதுபத்தி…"

"ஆமாங்க. குழம்பு வாசம் மறையோணுமல்லங்க? நீங்க பன்னெண்டேகாலுக்குச் சுவரேறிக் குதிப்பீங்கன்னு லிங்கம்மாகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். ரெண்டு நிமிசம் லேட்டு." ஸ்டாப்வாட்சை அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். "ஜி.எம். சார் வர்ற அன்னிக்கு நீங்க எத்தன மணிக்குக் குதிச்சாலும் கூடைக்கடியில ஒண்ணும் இருக்காதுங்க."